வலை கட்டாத லோரி

பிள்ளைகளா, செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் நான் ஏன் அவ்வளவு தள்ளி வருகிறேன் என்று கேட்கிறீர்கள். தோட்டத்தில் நானே குலை ஏற்றியவன். எண்ணெய் ஆலை பக்கத்தில்தானே என்று குலைமேல் வலையைக் கட்டாமல் அனுப்பியிருக்கிறோம். முள்ளும் பாரமுமான ஒரு குலை பின்னால் வருபவன் கண்ணாடியில் விழுந்தால் என்னாகும் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது எந்த லோரியையும் நம்புவதில்லை.

உங்கள் அக்காவுக்குக் கோலா சிலாங்கூரில் தாதிப் பயிற்சிக்கு நேர்முகம். ஒன்பது மணிக்குப் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. சபாக் தாண்டியதும் முன்னால் ஒரு லோரி. வலை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. எதிரே வண்டிகள் ஓயவில்லை. ஒரு லய வீட்டு வரிசையின் நீளத்துக்கு இடைவெளி விட்டேன்.

"லோரிய வெட்டி முந்துங்கப்பா, டைம் ஆவுது லா!" என்றாள் அக்கா.

அந்த இடைவெளியில் ஒரு கார் நுழைந்தது. நான் இன்னும் பின்தங்கினேன்.

"இப்படியே வழி விட்டா திரும்ப வீட்டுக்கே போய்ச் சேந்துருவோம்," என்றாள் உங்கள் அம்மா.

அந்தக் கார் எப்படியோ முந்திப் போய்விட்டது. தஞ்சோங் காராங் தாண்டியதும் லோரி ஓரங்கட்டியது. ஓட்டுநர் இறங்கி, நடுரோட்டில் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம்தான் இறக்கினேன்.

"யாருண்ணே நீங்க? மெதுவா போனா மெதுவா வர்றீங்க. வெட்டவும் மாட்டேங்கிறீங்க. குல எங்க போவுதுன்னு பாக்க தோட்டத்துக் கிராணி அனுப்பிச்சாரா?"

"எந்தக் கிராணியும் அனுப்பல தம்பி. நீ வலை கட்டல. குல விழுந்துருமோன்னு பயம்."

அவர் நம்பவில்லை. குனிந்து காருக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஒம்பது மணிக்கு எனக்கு இன்டர்வியூ அண்ணே!"

"இத முன்னயே சொல்றதுக்கென்ன?"

"எப்படி, ஹாரன்லயா?" என்றாள் அம்மா.

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு வலையைக் கட்ட ஏறினார். நாங்கள் புறப்பட்டோம். ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அக்கா வாசலில் ஓடி நுழைந்தாள்.

வெளியே காத்திருக்கும்போது எனக்கு வேறு யோசனை. நேராக ஆலைக்குப் போகிறவன் குலைக் கணக்குப் பார்க்கும் கிராணிக்கு ஏன் பயப்பட வேண்டும்? அந்தக் குலை எங்கே போனதோ, இன்றும் தெரியாது.

அக்கா திரும்பி வந்ததும் சொன்னாள்: "பத்து நிமிஷம் லேட்டா வந்த ஒருத்திய உள்ளயே விடலப்பா. அழுதுகிட்டே போனா."

 அதற்காக இடைவெளியைக் குறைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன். உங்களையும் அரைத் தூக்கத்தில் எழுப்புவது அதனால்தான்.