ப்ளீச்சிங் நெடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வெள்ளையக்கா என்று பெயர். நிறத்தை வைத்து அல்ல. எந்தக் கறையும் அவள் கைக்குத் தப்பாது என்பதால். ஊரார் அழுக்குக்கெல்லாம் முகம் சுளிக்காதவள், தன் நுரையீரலில் புற்றுக்கட்டி என்றதும் இடிந்துபோனாள். வீட்டில் பார்வை போன புருஷன். அவள் போனால் அவனுக்கு யார்?

நரம்பில் ஏற்றும் மருந்து ஒன்றைத் தொடங்கிய டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

"நம்மைக் காக்கிற வெள்ளணு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கும்மா, கடிவாளம் மாதிரி. வேலை முடிஞ்சா அணு அடங்கணும், சில அணு சாகவும் வேணும், அதுக்குத்தான் அது. உங்க கட்டி அந்தக் கடிவாளத்தைப் பிடிச்சு அணுவை முடக்கி வச்சிருக்கு. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கும். ஆனா அடங்காத அணு உங்க குடல் மேலயே பாயலாம். வயித்தால போனா அன்னைக்கே சொல்லிடணும். மருந்தை நிறுத்திட்டு அதை அடக்கிடலாம்."

இத்தனையிலும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது, மருந்தை நிறுத்துவார்கள் என்பது மட்டும்தான்.

இருமல் அடங்கியது. ஸ்கேன் படத்தில் கட்டி பாதியாகியிருந்தது. பிறகுதான் வயிறு கலங்கியது. சளியும் ரத்தமுமாகப் போயிற்று. மருந்தை நிறுத்தினால் கட்டி திரும்பி வரும், புருஷன் தனியாகிவிடுவான். டாக்டரம்மா கேட்டபோது, "ஒரு குறையும் இல்லைங்க" என்று சிரித்தாள். என்ன தைரியம்! வீட்டில் அழுக்கான விரிப்பைப் பைக்குள் திணித்துச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய், நோயாளிகளின் துணியோடு இயந்திரத்தில் போட்டுவிடுவாள். தொழில் தெரிந்தவளுக்கு ஒளிக்கவா தெரியாது? வீட்டுத் தரையைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் தூவினாள். வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அவள்மேல் வீசும் நெடிதான் அது; புருஷன் சந்தேகப்படவில்லை.

இயந்திரத்தின் முன்னாலேயே ஒருநாள் சுருண்டு விழுந்தாள். குடல் ஓட்டையாகி, விஷம் உடம்பெங்கும் பரவியிருந்தது. டாக்டரம்மா கட்டிலருகே வந்து குனிந்தாள்.

"கட்டி கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சும்மா. முதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையிலயே குடலைக் காப்பாத்தியிருப்பேன்."

"அடுத்த ஊசி எப்பங்க?" என்றாள் அவள்.

டாக்டரம்மா போனதும், புருஷன் தடவிக்கொண்டே வந்து விரிப்பின் ஈரத்தைத் தொட்டான். பிறர் பார்த்தால் அவள் கூசிப்போவாள் என்று தன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினான்.

"மறைக்காதீங்க," என்றாள் அவள். "நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

நர்ஸ் வந்து விரிப்பை மாற்றினாள். அது துவைத்து வருவதற்குள் வெள்ளையக்கா போய்விட்டாள்.