அஸீமா எழுதிய வாப்பா

காத்தான்குடியில் அபாயா தைக்கிற பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அஸீமா அதோடு நிற்காமல் கதையும் எழுதுகிறவள். தையல் மெசினில் ஒரு கை, போனில் ஒரு கை. கை மடிப்புக் கோணலாய்ப் போனாலும் போகட்டும், வசனம் கோணக்கூடாது என்று நினைக்கிற ஆள். இதற்காக அவளிடம் தைக்கக் கொடுத்தவர்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

ஜெயரூபன் சேர் நடத்தும் இணையவழிச் சிறுகதை வகுப்புக்கு அவள் தன் வாப்பாவைத்தான் எழுதினாள். அவளுடைய வாப்பா அப்துல் கபூர் சவூதியில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியே இளமையைத் தொலைத்தவர். ஊர் வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டி, நிக்காஹ்வோடு அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது மனைவியோடு அதே வீட்டின் பின்னறையில் இருக்கிறார்.

சேருக்குக் கதை பிடிக்கவில்லை. "அந்த வாப்பா தொடக்கத்தில எப்பிடியோ முடிவிலயும் அப்பிடியே இருக்கிறார். அப்ப கதை எதப் பத்தினது?"

"தியாகம் சேர்."

"அது நீங்க வெளிய நிண்டு பாக்கிறது. வீட்டக் கட்டிக் குடுத்த மனிசனுக்கு உள்ளுக்குள்ள என்ன நடக்குது? அத எழுதுங்க."

அஸீமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே திருப்பி எழுதினாள். கதையில் வரும் வாப்பா, தான் கட்டிய வீட்டில் விருந்தாளி ஆகிறார். மருமகன் வீட்டில் நின்றால் பின்கதவால் வருகிறார். கடைசியில் மூச்சுமுட்டி, மறுபடி சவூதிக்கே போய்விடுகிறார். பின்கதவு மட்டும் மெய். அது வாப்பாவின் கூச்சம் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் கணவன் ஸாஹிர் நல்லவன், மாமனாரை ஒரு சொல் சொன்னதில்லை. மற்றதெல்லாம் தான் இட்டுக்கட்டியது என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸாஹிர் தன் உம்மா வீட்டுக்குப் போயிருந்தான். வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உம்மா ஹஸீனா கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். அஸீமா கதையை உரக்க வாசித்தாள். பவுசர் கட்டம் வரும்போது வாப்பா சிரித்தார். முடிவு வந்தபோது அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"ஆரு மகள் ஒனக்குச் சென்ன?"

"என்னத்த வாப்பா?"

"நான் போறத."

மெசின் ஊசி விரலில் ஏறியது போல அவள் விறைத்துப்போனாள். "இது கதை வாப்பா! நான் சும்மா எழுதின."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய முதலாளி விசா அனுப்பிவிட்டாராம். பாஸ்போட் கொழும்பில் இருக்கிறதாம். அடுத்த கிழமை பயணமாம்.

"நான் முடிவ மாத்துறன். அவர் போகல்லண்டு எழுதுறன்," என்று பதறினாள். கதையை மாற்றினால் வாப்பா நின்றுவிடுவார் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நம்பினாள்.

"மாத்தாத. சரியாத்தான் எழுதியிரிக்காய்."

அவள் உம்மாவின் பக்கம் திரும்பினாள். "உம்மா, கேட்டீங்களா? வாப்பாவ மறிங்க!"

ஹஸீனா திடுக்கிடக்கூட இல்லை. "முதலாளிக்குப் போன் எடுக்கச் சென்னதே நான்தான் புள்ள."

"உம்மா!"

"பொழுதுபட்டா ஆத்தங்கரையில போய்க் குந்திக்கிறார். மருமகன் படுத்தாப் பொறகுதான் வாறார். இஞ்ச வெச்சிருந்தா இவர் ஏங்கியே மௌத்தாகிருவார். போகட்டும்."

பெற்ற தாய் பேசுவது அவளுக்கு யாரோ அந்நியப் பெண் பேசுவது போல் கேட்டது. பயமாகவும் இருந்தது.

"அப்ப நீங்க? திரும்பவும் தனியாவா?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டிருந்தன்," என்றாள் ஹஸீனா. "முழுசா வாசிச்சாய். அந்த மனிசனுக்குப் பொஞ்சாதி இரிக்காளா, இல்லியா?"

அஸீமா போனை எடுத்து மேலும் கீழும் தேடினாள். இரண்டு தரம் எழுதிய கதையில் உம்மா ஓரிடத்திலும் இல்லை. ஹஸீனா வாப்பாவின் சோற்றுப் பீங்கானை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.