நிறுத்த மறுத்த டீசல் வண்டி

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. கல்மண்டபத்திலுள்ள எங்கள் ஐஸ் கம்பெனியிலிருந்து பெட்ரோல் வேன் ஐஸ் ஏற்றிக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குக் கிளம்பியது.

2. எண்ணூர் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றது.

3. கூட்ஸ் போனது. கேட் திறந்தது. வேன் கிளம்பவில்லை.

4. டிரைவர் மைக்கேல் அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தார். பிறகு பனியனால் துடைத்தார். பிறகு அந்தோணியாரிடம் முறையிட்டார்.

5. முகத்துவாரக்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது முக்கால்வாசி தண்ணீர், கால்வாசி ஐஸ் கரையாமலிருக்கத் தூவிய உமி.

6. அங்கே மீன் ஏலம் விடும் கன்னியம்மா அக்கா படகுக்காரர்கள் சார்பில் சொல்லியனுப்பினார்: "இன்னொரு வாட்டி தண்ணி எட்டாந்தீங்கன்னா, அப்பால எண்ணூர் கம்பெனிலயே ஐஸ் வாங்கிக்கிறோம். தண்ணி எங்க கடல்லயே கீது."

7. முதலாளி அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, டெலிபோன் மேஜையில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏழாவதிலிருந்துதான் என் உண்மையான வேலை தொடங்குகிறது. டெலிபோன் மேஜைக்கு நான் வந்த கதை சிறியது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஐஸ் கம்பெனியில் மெஷின் ரூம் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். அண்ணாச்சி சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குரலு நல்லாத் தெளிவா இருக்கு தாயி" என்று சொல்லி டெலிபோனைக் கொடுத்தார்.

அன்று அவர் பேச்சு வேறாக இருந்தது.

"நீ வண்டிப் படிப்புதான படிச்சிருக்க? டீசல் வண்டி வாங்கலாமா வேண்டாமான்னு எழுதிக் குடு. சரியா வந்துச்சுன்னா வண்டியும் மெஷின் ரூமும் உன் பொறுப்பு. தப்பாப் போச்சுன்னா, அந்த டெலிபோன் உன்ன விட்டு எங்கயும் போவாது, பாத்துக்கோ."

சாதக பாதகம்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இதைப் படிக்கும் டிப்ளமோ மாணவிகளுக்குப் பயன்படலாம் என்பதால் அப்படியே தருகிறேன்.

சாதகம். அ) எரிபொருள் விலை. பெட்ரோல் ஏறிய ஏற்றத்தில், வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டாலே அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆ) டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட், ஸ்பார்க் பிளக் எதுவும் கிடையாது. எங்கள் வேனைப் படுக்க வைத்தது உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்த ஈரம். டீசலுக்குப் பொறியே வேண்டாம். காற்றை அழுத்துவதில் வரும் சூட்டிலேயே எரியும். இ) குறைந்த வேகத்தில் இழுவை அதிகம். குப்பத்து மணலில் அது உதவும்.

பாதகம். அ) விலை. புது வண்டிக்குப் பதிவு செய்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழையதுதான் வாங்க வேண்டும். ஆ) சத்தம், அதிர்வு, நாற்றம். இ) டேங்க் காலியானால் பைப்பில் காற்று புகுந்துவிடும், டீசலை ஊற்றினால் மட்டும் போதாது, காற்றை வெளியேற்ற வேண்டும். ஈ) பம்ப், நாசில் கெட்டால் ரோட்டோர மெக்கானிக்கால் ஆகாது. உ) இஞ்சின் ஆறிவிட்டால் எழுப்புவது கடினம். ஹீட்டர் பிளக் சிவந்து உள்ளே சூடேற்றினால்தான் பிடிக்கும்.

மைக்கேல் அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு டீசல் ஆகாது.

"இன்னொண்ணு எய்து தங்கச்சி. டீசல் நாத்தத்தோட வூட்டாண்ட போனா எம் பொண்டாட்டி சோத்த வாசல்லயே வெச்சுடுவா."

'ஊ) டிரைவரின் குடும்ப வாழ்க்கை' என்று எழுதிக்கொண்டேன். அண்ணாச்சி தாளை முழுக்கப் படித்தார். ஊ-வில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "புரோக்கரக் கூப்பிடு" என்றார்.

வெல்வெட் பூ

வண்ணாரப்பேட்டை புரோக்கர் சம்பந்தம் சாம்பல் நிறப் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கம் ஜீப் முகம், பின்பக்கம் திறந்த பாடி. வந்து நின்றார், இஞ்சின் நிற்கவில்லை.

"இன்னா மாதிரி வண்டி தெரிமா அண்ணாச்சி! சோக்கா இஸ்துகினு போவும்."

பானெட் மேல் கையை வைத்தேன். அடுப்பில் போட்ட தோசைக்கல்.

"கொஞ்சம் நிறுத்துங்க, பார்க்கணும்."

"எதுக்கும்மா நிறுத்தணும்? டீசல்தானே! நாள் பூரா ஓடினாலும் ஒரு டீ செலவுகூட ஆவாது."

அவர் டீ குடித்தார், இஞ்சின் ஓடியது. வெற்றிலை போட்டார்; ஓடியது. அண்ணாச்சியும் அவரும் விலையைப் பற்றிப் பேசிக் களைத்தார்கள்; அப்போதும் ஓடியது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்த இஞ்சினாக இருந்தால் அங்கே புகை குபுகுபுவென்று வரும். வரவில்லை. சைலன்ஸர் புகையும் சுத்தம். இஞ்சினில் பெரிய குறையில்லை. ஆனாலும் இந்த மனிதர் அதை நிறுத்தப் பயப்படுகிறார்.

டாஷ்போர்டில் ஒரு சிவப்பு வெல்வெட் ரோஜா தொங்கியது. ஹீட்டர் இண்டிகேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. விலக்கப் போனேன்.

"ஐயய்ய, தொடாதம்மா. சாமிப் பூ."

"எந்தச் சாமிக்கு?"

"எல்லா சாமிக்குந்தான்."

தாளில் 'உ'வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். நான் சொல்லி இவர் நிறுத்த மாட்டார். யார் சொன்னால் நிறுத்துவார் என்று யோசித்தேன். விடை கிடைத்ததும் ரொம்பச் சாதுவாக, "அண்ணாச்சி, மணல்ல ஓட்டிப் பார்க்காம வாங்கக் கூடாது. நாளைக்கு முகத்துவாரக்குப்பம் போவோம். இவரே ஓட்டட்டும்" என்றேன்.

"வெறும் வண்டியா எதுக்குப் போவணும்? ஐஸ ஏத்து" என்றார் அண்ணாச்சி. அவரிடமிருந்து இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏற்றினோம். சோதனை ஓட்டத்தோடு குப்பத்து ஆர்டரும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டது. இந்த முறையும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் ஆர்டர் போகும். ஆர்டரோடு என் மெஷின் ரூமும் போகும்.

செவுளைத் திற

மறுநாளும் வண்டி சூடாகவே வந்தது. முன்னால் புரோக்கர், அண்ணாச்சி, நான். பின்னால் ஐஸ் மேல் சாக்கு, சாக்கு மேல் மைக்கேல் அண்ணன். திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் கேட்டில் நின்றோம், இஞ்சின் ஓடியது. குப்பத்து மணலில் இறங்கியபோது வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. "இஸ்க்குது சனியன்" என்று பின்னாலிருந்து வருத்தமாக ஒரு குரல் வந்தது.

"ஏலம் நடக்கிற இடத்துக்கு ஒட்டியே நிறுத்துங்க. வசதியா இருக்கும்" என்றேன். யாருக்கு வசதி என்று சொல்லவில்லை.

கன்னியம்மா அக்கா சங்கரா மீன் குவியல் முன்னால் நின்று கூவிக்கொண்டிருந்தார். குப்பத்து ஏலத்தில் எழுத்து கிடையாது, மணி கிடையாது, குரல்தான் எல்லாம். அவர் "ஒரு தரம்" என்றார். வண்டி தடதடவென்றது. "ரெண்டு தரம்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அக்கா திரும்பினார்.

"யார்ரா அவன்? ஏலம் காதுல வுய மாட்டேங்குது. ஆஃப் பண்ணு."

"டீசல்தாம்மா, பரவால்ல, ஓடட்..."

"டீசலோ டிகாஷனோ, எனக்கின்னா? நிறுத்துறியா, இல்ல மீன் கய்வின தண்ணிய டேங்க்ல ஊத்தட்டா?"

கூடைகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் எழுந்தார்கள். புரோக்கர் இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார். அந்த வண்டியின் மௌனத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

ஏலம் முடிந்த பிறகுதான் படகுகள் ஐஸ் ஏற்றும். அதுவரை காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்தேன். கடல்காற்று நேராக இஞ்சின் மேல் வீசியது. ஐஸ் கம்பெனி ஆட்கள் நாங்கள், ஒரு துண்டு ஐஸை மேலே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும். ஆனால் சூடான இஞ்சின் ஹெட்டில் ஐஸ் பட்டால் விரிசல் விடும். காற்றே போதும் என்று விட்டுவிட்டேன்.

புரோக்கர் பீடி பற்றவைக்கப் போன சமயம் எல்லா சாமிகளிடமும் மன்னிப்புக் கேட்டு ரோஜாவை விலக்கினேன். அடியில் இண்டிகேட்டர். ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் அதிலுள்ள கம்பி கொஞ்ச நேரத்தில் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. அந்த இஞ்சினில் நாலு ஹீட்டர் பிளக்கும் ஒரே கம்பியில் வரிசையாக இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் போடும் சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் நாலும் போச்சு. ஆக, போனது ஒரு பிளக். ரோஜாவைப் பழைய இடத்தில் மாட்டினேன்.

ஏலம் முடிந்தது. முகத்துவாரத்தில் நின்ற படகிலிருந்து ஐஸுக்குக் குரல் வந்தது. புரோக்கர் ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிர்ர், கிர்ர், கிர்ர். சைலன்ஸரிலிருந்து வெள்ளையாக ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

கன்னியம்மா அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இன்னா அண்ணாச்சி, இன்னிக்கும் தண்ணிதானா? அடில சொட்டுது பாரு." பிறகு திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நிறுத்தச் சொன்னபோது புரோக்கர் தயங்கியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"ஏ, வாங்கடி இங்க! செவுளு கறுத்துப் போயி ஒரு மீனு வந்துக்குது. நேத்து மீன ஐஸ்ல வெச்சு ஏமாத்துவானுங்க, இவரு சூடு காட்டி ஏமாத்துறாரு. ஒரு கூட நெத்திலி! யாரு கேக்குறீங்க?"

"ரெண்டு கூட!" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு கூட நெத்திலி, ஒரு தரம்!"

புரோக்கருக்கு வேர்த்தது. "அண்ணாச்சி, பாத்தியா, அசிங்கப்படுத்துறாங்க." ஆனால் அண்ணாச்சி ஊரிலிருந்து வந்த காலத்திலிருந்து கொத்தவால் சாவடிச் சந்தையில் ஏலம் கேட்டே வளர்ந்த மனிதர். ஏலம் என்று காதில் விழுந்தால் சும்மா நிற்க முடியாது. புரோக்கர் முதலில் கேட்ட விலையில் பாதியைச் சத்தமாகச் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. உடனே பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கு மேலே கேட்டது. மைக்கேல் அண்ணன்!

"ஏலே, எங்கிட்ட சம்பளம் வாங்கிட்டு எனக்கு எதிராவே ஏலம் கேக்கியா?"

"வண்டி உங்களுக்கு வராம இருந்தாப் போதும் அண்ணாச்சி. அதான்."

சிரித்து முடிப்பதற்குள் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"தாயி, ஒத்த வார்த்த சொல்லு. எடுக்கவா, விடவா?"

"எடுங்க அண்ணாச்சி."

"எந்திரிக்காத வண்டியவா?"

"எந்திரிக்கும்."

அவர் சொட்டும் ஐஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் மைக்கேல் அண்ணன் சொன்னதற்குக் கொஞ்சம் மேலே கேட்டார். கன்னியம்மா அக்கா மூன்று தரம் சொன்னார். இந்தச் சனியன் தன்னை விட்டுப் போனால் போதும் என்ற நிம்மதியில் புரோக்கர் அண்ணாச்சியின் கையில் ஓங்கி அடித்துக் கொடுத்தார். அக்கா சாட்சி, குப்பமே சாட்சி.

எண்ணெய்த் துணி

"அண்ணா, ஒரு கந்தல் துணி கொடுங்க" என்றேன். மைக்கேல் அண்ணன் அந்தப் பழைய பனியனைக் கொடுத்தார். ஏர் கிளீனரைக் கழற்றினேன். துணியைக் கம்பியில் சுற்றி, குப்பத்தில் வாங்கிய மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்தேன்.

"யம்மா! கொளுத்தப் போறியா? இன்னும் துட்டு கைக்கு வரல!" என்று புரோக்கர் அலறினார்.

"ஸ்டார்ட்டரை அழுத்துங்க."

காற்று உள்ளே போகும் வாயருகே தீயைப் பிடித்தேன். பிளக் கொடுக்க வேண்டிய சூட்டைப் பனியன் கொடுத்தது. கிர்ர், கிர்ர், தடதடதட. ஐஸ் படகுக்குப் போனது. ஓரம் கரைந்திருந்தது, நடு கெட்டியாக இருந்தது. படகுக்காரர்கள் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

புரோக்கர் மணலிலேயே நின்றிருந்தார்.

"அப்ப... இஞ்சின் நல்லாவா கீது?"

"நல்லா இருக்கு. ஒரு ஹீட்டர் பிளக்தான் போச்சு."

"ஒரு பிளக்கா! ஏம்மா, முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஏன் நிறுத்தலைன்னு நீங்க சொன்னீங்களா?"

அவர் வண்டிக்குள் எட்டினார். பிறகு ரோஜாவைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அன்று நான் கற்றது இது. வண்டியில் குறை இருப்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்துகொள்வது மறு பாதி. புரோக்கருக்கு முதல் பாதி தெரியும். மறு பாதி தெரியாததால்தான் அவர் விலையைக் குறைத்தார். சாதக பாதகம் எழுதும்போது வரிகளை எண்ணாதீர்கள். என் தாளில் மூன்றுக்கு ஆறு. எண்ணியிருந்தால் வாங்கியிருக்க மாட்டோம்.

இன்றைய நிலவரம்: வண்டி ஓடுகிறது. காலையில் இண்டிகேட்டர் சிவந்ததும் பிடித்துக்கொள்கிறது. முகத்துவாரக்குப்பம் ஆர்டர் எங்களிடம்தான் இருக்கிறது. ஏல இடத்துக்கு முன்பே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பது கன்னியம்மா அக்காவின் உத்தரவு. புரோக்கர் சம்பந்தம், தான் வாங்கும் வண்டிகளை முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறார். மைக்கேல் அண்ணன் வீட்டுக்குப் போகும் முன் கம்பெனியிலேயே குளிக்கிறார். சோப்புச் செலவு அண்ணாச்சியுடையது. நான் மெஷின் ரூமில் இருக்கிறேன். டெலிபோன் அடித்தால் இப்போது அண்ணாச்சியே எடுக்கிறார்.