காருக்கு அடியில் கரி அடுப்பு

சொன்னால் வெட்கக்கேடு, ஈரத் துணியைக் காயவைப்பதுபோல் ஒரு காரைக் காயவைக்கப் போனவன் நான்.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகத்தில், அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே மங்கலான கறுப்புப் பூச்சை மீண்டும் கொண்டுவர ஆசைப்பட்டேன். புத்தகங்களைப் படித்து, துருவைச் சுரண்டிப் புதிதாகப் பூசினேன். ஒரே நாளில் காயும் என்று எழுதியவர்கள் எங்கள் மலையூரான கொட்டகலையின் மழையைக் கண்டதில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தே ஒரு வாரம் போனது; உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், மழைக்காலத்தில் பிள்ளைகளின் சீருடை காய நாங்கள் மூட்டும் கரி அடுப்பைக் காருக்கு அடியில் தள்ளினேன்.

சூட்டில் இளகிய பூச்சு தணலில் சொட்டிக் குப்பென்று பற்றியது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். நான் "ஐயோ" என்பதற்குள் மனைவி ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அமுக்கிவிட்டாள்.

"வீட்டையும் சேத்துக் காய வைக்கப் பாத்தீங்களா?"

இப்போதெல்லாம் மாசி வெயிலுக்குக் காத்திருந்துதான் பூசுகிறேன்; நெருப்பை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை. இம்முறை பூச்சு அச்சு அசலாக அமைந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஊரு சனம் இதப் பாக்கணும்னா, நீங்க எங்கயாச்சும் வளைவுல காரக் கவுத்தாத்தான் உண்டு."