குளித்துவிட்டு வந்த பக்கவாதம்

1. காலை ஏழு பத்துக்கு ஓர் அண்ணனின் வலது கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவி விழுந்தது.
2. ஏழே காலுக்கு, காற்று பிடித்திருக்கிறது என்று அவர் மனைவி கண்டறிந்தார். தைலம் தேய்க்கப்பட்டது.
3. ஏழே முக்காலுக்கு மனைவியின் தம்பி வந்து, தைலம் போதாதென்று மேலும் தேய்த்தார்.
4. எட்டரைக்கு வாய் கோணியது. உடனே குளிப்பாட்டினார்கள். கைலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?
5. ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

இந்தப் பட்டியல் எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஒன்பதே காலுக்கு ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளரான நானும் ஓட்டுநரும் பதினோராவது மாடிக்குப் போனபோது, அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், திருநீறோடு, பெண் பார்க்கப் புறப்பட்டவர் மாதிரி சாய்ந்திருந்தார்.

“சிரிங்கண்ணே,” என்றேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

“மாமா எப்பவுமே சிரிக்க மாட்டாரு லா,” என்றார் மைத்துனர். மருத்துவத் தகவலுக்கு நன்றி.

தூக்கிய வலது கை நிற்கவில்லை. பேச்சு குழறியது. சர்க்கரை சரியாக இருந்தது. நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி வில்லைகள் தைலத்தில் வழுக்கி ஒவ்வொன்றாகக் கழன்றன.

“கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?”

“இப்பதான்,” என்றார் மைத்துனர்.

“குளிச்சு, சட்டை போட்டு, தலை வாரி… இப்பதானா?”

“கொஞ்சம் முன்னால லா. ஏன் தங்கச்சி போலீஸ் மாதிரி கேக்குற?”

ஏனென்றால் மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பக்கவாதம் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரம் தெரியாவிட்டால் டாக்டர்கள் தயங்குவார்கள்; தப்பாகச் சொன்னால் மூளையில் ரத்தம் கசியலாம். அவர் கையும் பேச்சும் அந்த ஒரு பதிலில் இருந்தன. இதையெல்லாம் மைத்துனரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமாவின் நல்ல செருப்பைத் தேடப் போனார்.

ஆம்புலன்ஸில் மனைவி மட்டும் ஏறினார். கதவு மூடியதும் கேட்டார்: “ஏச மாட்டியே மா?”

“மாட்டேன்க்கா. மணி மட்டும் சொல்லுங்க.”

“ஏழு பத்து. ரேடியோவுல செய்தி முடியறப்ப குவளையப் போட்டாரு. துடைச்ச தரைன்னு நான் அவரத்தான் ஏசுனேன்.”

ஆக, குடும்பமே காத்த ரகசியம் இதுதான்: ஆம்புலன்ஸ்காரி ஏசிவிடுவாள். அந்தப் பயத்தில் பாதி பக்கவாதத்தின் மேல் இருந்திருந்தால் ஏழே காலுக்கே என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஏழு பத்து என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொன்னேன். பத்தரைக்குள் ஸ்கேன் எடுத்து மருந்து ஏற்றினார்கள். இப்போது அவர் பேசுகிறார், மெதுவாக. வலது கையால் கரண்டி பிடிக்கிறார். பேனா பிடிக்க முடியவில்லை. ஜுரு என்ற ஊரில் அவர் பார்த்துவந்த கார் பழுதுபார்க்கும் வேலைக்கு இன்னும் திரும்பவில்லை.