அக்கா வீட்டுச் சுவரும் கடலுக்குப் போகும் கல்லும்

குண்டசாலைப் பக்கமுள்ள ஒரு கற்குவாரியிலிருந்து கொழும்புக் கடற்கரைக்குக் கல் ஏற்றிப் போவது என் வேலை. அங்கே நகரத்து மழைத்தண்ணீரை இறைத்துக் கடலில் விடும் பம்பு நிலையம் இருக்கிறது. கடல் வருஷா வருஷம் உள்ளே வருவதால் அதன் முன்னால் பெரிய கற்களை அடுக்குகிறார்கள். அந்த நிலையம் நின்றால் பின்னாலுள்ள தெருக்கள் மூழ்கிவிடும். லொறியிலிருந்து கல் சரிந்து விழும்போது, நானும் ஏதோ நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

குவாரிக்கு நேர் கீழே அக்கா வீடு. வெடி வைக்கும் முன் சங்கு ஊதும். அக்கா அடுப்பை அணைத்து, சுவரிலிருக்கும் முருகன் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்காருவாள். எல்லாம் அடங்கியதும் போய் மாட்டுவாள். போன மழைக்கு முன்னால், படம் மாட்டும் ஆணியிலிருந்து தரைவரை சுவர் வெடித்தது. விரல் உள்ளே போகும். இன்னொரு மழைக்குத் தாங்காது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

குவாரி வெடியால் சுவர் பிளந்துவிட்டது என்று அக்கா அரசாங்க ஆபீசில் முறையிட்டாள். பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பரபரப்பு.

"ஆபீஸ் மாத்தயா வர்றாராம்டா. இந்தச் சுவத்தப் பாத்தா என்ன நெனப்பாரு? வீடு வச்சிருக்க லெச்சணத்தப் பாருன்னு சொல்ல மாட்டாரா?"

அதைப் பார்க்கத்தானே வருகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வெளியாள் வருகிறார் என்றால் வெள்ளையடித்து வைப்பதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். சீமெந்து வாங்கி வந்தவன் நான். வெடிப்பை அடைத்துப் பூசியவனும் நான். குவாரியை மூடினால் என் லொறியும் நிற்கும் என்ற நினைப்பு பூசும்போதெல்லாம் கூடவே இருந்தது.

வந்தவர் நல்ல மனிதர். தேத்தண்ணி குடித்தார். வெள்ளைச் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தானே இருக்கு அம்மா?"

"ஏதோ எங்களால முடிஞ்சது, மாத்தயா." அக்கா முகம் மலர்ந்துபோனது.

அவர் என்னைப் பார்த்தார். "வேற ஏதும் சொல்ல இருக்கா?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆபீஸ் ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அன்று நான் குனிந்து நின்றது கூச்சத்தால் மட்டுமல்ல.

அவர் போன பிறகு அக்கா கேட்டாள்: "வெடிப்பப் பத்தி ஒண்ணுமே கேக்காமப் போறாரேடா?"

அடுத்த வெடிக்குப் பிறகு, படத்தோடு உள்ளே போன அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஆணியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று பழைய வழியிலேயே இறங்கியிருந்தது.

"பூசியிருக்க பாரு! ஒரு மேசன வச்சிருந்தா இப்புடி ஆகுமா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடப்பிறந்தவள் வீடு பிளப்பதைப் பார்த்து வந்த நிம்மதி. அதை நினைத்தால் இன்னும் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

"இந்தவாட்டி பூச வேணாங்க்கா. நானே ஆபீசுக்குப் போய்ச் சொல்றேன்."

"நீயா? கடையில மிச்சக் காசக் கேக்கவே என்னையத்தானே அனுப்புவ!"

மேலே லொறியில் கல் ஏற்றி முடித்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கடலோரம் கொட்டினேன். அன்று நல்லது செய்வதாக நினைக்க முடியவில்லை. செய்யாமல் விடலாம் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் ஆபீஸ் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும் எழுந்து போய், சுவரைப் பூசியது நான்தான் என்பதிலிருந்து தொடங்கினேன்.