தொப்பிக்குள் ஒரு பின்னல்

1986 மார்ச், சனிக்கிழமை. காலை 7.40க்கு ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ரயில் ஏறினேன். கொலோன் நகரம் ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். அகதி விடுதியில் இருக்கிற எங்களுக்கு மாவட்ட எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். மற்றவர்கள் தமையனைப் பார்க்க, மச்சானைப் பார்க்க என்று எழுதுவார்கள். எனக்கு அங்கே ஒருவருமில்லை. ‘சீனக் கண்காட்சி’ என்று எழுதினேன். அகதி அலுவலகக் கந்தோர்க்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். வரும் செவ்வாய் என் அகதி விசாரணை. அறையில் கூட இருக்கும் சேகரம் அண்ணை புறப்படும்போதும் அதையே பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், இயக்கத்தில இருந்தனான் எண்டு சொல்லுங்கோ. ஒண்டிலயும் இல்லையெண்டால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

“பொய் சொல்ல ஏலாது அண்ணை.”

“அப்ப போய்ச் சாகுங்கோ!” என்றார். அக்கறையில் வந்த கோபம், பாவம்.

11 மணி. அருங்காட்சியக வாசலில் சீருடைக்காரர் கையை நீட்டினார். நான் உடனே அனுமதிக் கடிதத்தை விரித்துக் கொடுத்தேன். சீருடையைக் கண்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. அவர் முழுவதும் வாசித்துவிட்டு, “டிக்கெட் மட்டும் போதும், ஐயா” என்றார். வெட்கமாகப் போய்விட்டது. நாலு மார்க் கொடுத்து ஒன்று வாங்கினேன்.

சிங் வம்சத்துக்குத் தனிக் கூடம். மஞ்சு அரசர்கள் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் சீனத்தை ஆண்டார்கள். ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வளர்க்கவேண்டும் என்பது அவர்கள் சட்டம். அவர்களை எதிர்த்தெழுந்த தைப்பிங் கிளர்ச்சிக்காரர் பின்னலை அவிழ்த்து முடியை வளரவிட்டார்கள். இதை எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! கிளர்ச்சிக்குக் காரணங்கள் ஐந்து, விளைவுகள் நாலு. கண்ணாடிக்குள் அறுத்த பின்னல் ஒன்று கிடந்தது. ஊரில் விட்டுவந்த என் மனைவியின் பின்னல் அளவு நீளம். நாலு மாதமாக அவளிடமிருந்து கடிதமில்லை.

பக்கத்தில் ஒரு சீன மாணவர் நின்றார். “சாதாரண சனங்கள் என்ன செய்தார்கள்?” என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

“என் பூட்டனின் தகப்பன், கிளர்ச்சிக்காரர் வந்தால் பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் வைப்பாராம். அரசாங்கப் படை வந்தால் வெளியே தொங்கவிடுவாராம்.”

“தப்பினாரா?”

“ஒருநாள் தொப்பியைக் கழற்றப் பிந்திவிட்டார்.”

அவர் அடுத்த கூடத்துக்குப் போனார்.

பிற்பகல் மூன்று மணி ரயிலில் எதிர் இருக்கை காலி. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேற்கே இராணுவ முகாம், கிழக்கே இயக்கப் பெடியளின் காவலரண். இரண்டு இடத்திலும் சைக்கிளால் இறங்கி, “ஓம், ஓம்” என்றுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். ஒரு கிழமைக்குள் இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அவர்களோடு என்ன கதைத்தாய்? அதோடு நாட்டை விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதைத்தான் சொன்னேன். அதிகாரி படிவத்தைப் புரட்டினார். யாருக்குப் பயந்து வந்தீர் என்ற கேள்விக்குக் கீழே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தது. இராணுவம், இயக்கம் என்று இரண்டு பெயரையும் அதற்குள் எழுத அவர் நன்றாகக் கஷ்டப்பட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. மனைவியிடமிருந்தும்தான்.